எட்டுப் படமும் ரெண்டு விரல் இடமும்

அன்னிக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வூட்டுக்கு வந்தா, மேஜை மேல ஆறு ஆப்பிள் இருந்துச்சு.

எங்க வூட்டுல ஆப்பிள் வாங்கற வழக்கமே கெடையாது. சீசன்ல மாம்பழம், மத்த நாள்ல கொய்யா, வாழப்பழம். ஆப்பிள்ங்கறது ஆஸ்பத்திரியில யாரையாவது பாக்கப் போனா வாங்கறது. அதையும் பையோட அவங்க கையில குடுத்துட்டு வந்துடுவோம்.

பக்கத்துல பாத்தா ரெண்டு குடத்துலயும் தண்ணி ரொம்பியிருக்கு. எங்க வூட்டுக்காரர் அமல்ராஜ் மோட்டார் காயில் கட்டறவரு. ஊருல இருக்கற போர் மோட்டார் அத்தனையும் தூக்கி எறக்குவாரு, குடம் மட்டும் அவருக்குக் கனக்கும். கல்யாணமாகி இருவத்தி மூணு வருஷத்துல அவரு தண்ணி புடிச்சு நான் பாத்ததில்ல.

"யாருக்குங்க ஆப்பிள்?"

"உனக்குத்தான். சாப்புடு."

"எனக்கெதுக்கு இப்போ?"

"சாப்புடுன்னா சாப்புடேன் செலின்."

அதட்டற மாதிரி ஆரம்பிச்ச குரல் பாதியில என்னவோ ஆயிடுச்சு. அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. சரி, தெரிஞ்சுபோச்சு. ஸ்டுடியோ வெச்சிருக்கற பெருமாள் அண்ணன் வாய விட்டுட்டாரு. சனிக்கெழமைக்கு இன்னும் மூணே நாள் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் கெட்டுது.

தோள்ல போட்டுக் காட்டற வேலை

என்ன தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். எனக்கு மாடலிங் பண்ண ஆசை வந்திருந்துச்சு. சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்.

அப்போ வயசு நாப்பத்தாறு. நல்லம்பள்ளியிலேர்ந்து தினம் பஸ் ஏறி தர்மபுரி டவுன்ல ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிட்டிருந்தேன். பட்டுச்சீலை பிரிவு. சீலைய விரிச்சுக் காட்டறது பாதி வேலை. அதை நம்ம தோள்ல போட்டு, முந்திய விட்டு, கண்ணாடி முன்னால திரும்பி நிக்கறது மீதி வேலை. வாங்க வர்றவங்க சீலையத்தான் பாப்பாங்க. போட்டுட்டு நிக்கறவ மூஞ்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதினோரு வருஷம் அப்படித்தான் போச்சு.

ஒரு நாள் நிவேதான்னு ஒரு பொண்ணு அண்ணன் கல்யாணத்துக்குச் சீலை எடுக்க வந்துச்சு. ஊரு பாலக்கோடு, வேலை பெங்களூர்ல. விளம்பரம் எடுக்கறவங்களுக்கு மாடல் பாத்துக் குடுக்கற ஆபீஸாம். நான் அரக்குச் சீலை ஒண்ண தோள்ல போட்டுத் திரும்பினேன். அந்தப் பொண்ணு சீலையப் பாக்கல.

"ஆண்ட்டி, நீங்க விளம்பரத்துல எதுலயாவது வந்திருக்கீங்களா?"

"விளம்பரத்துல கட்டப்பை புடிக்கக்கூட என்னை யாரும் கூப்புடலம்மா."

"அம்மாவா நடிக்க ஆளே கெடைக்கறதில்ல ஆண்ட்டி. சின்னப் பொண்ணுங்களுக்கு நரை வரைஞ்சு உக்கார வெக்கறாங்க. ஒரு நகைக்கடைக்காரங்க நெஜமான மூஞ்சி வேணும்னு கேக்கறாங்க. அடுத்த சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள போட்டோ அனுப்புங்க, உங்களையும் காட்டறேன்."

பில்லுக்குப் பின்னால எழுதிக் குடுத்துச்சு. எட்டுப் படம். நேரா பாத்து ஒண்ணு, சிரிச்சு ஒண்ணு, இடது பக்கம், வலது பக்கம், நின்னுட்டு முன்னாலயிருந்து முழுசா, பின்னாலயிருந்து முழுசா, உக்காந்து ஒண்ணு, கை ரெண்டும் மட்டும் ஒண்ணு. முடிய இழுத்துக் கட்டணும். பவுடர் கூடாது, டை கூடாது, எதையும் அழிக்கக்கூடாது.

"இதுக்குப் பேருதான் போர்ட்ஃபோலியோ ஆண்ட்டி. ஆரம்பத்துல இவ்வளவு போதும். வெறும் சுவரு, ஜன்னல் வெளிச்சம், செல்போன்லயே எடுத்துடலாம்."

செல்போன் போதும்னு சொன்னதத்தான் நான் நம்பல. ஏதோ மரியாதைக்குச் சொல்லுது, அப்படியே எடுத்து அனுப்பினா பட்டிக்காடுன்னு நெனைக்கும்னு தோணிடுச்சு. அந்த ஒரு அதிகப்பிரசங்கித்தனம்தான் எல்லாத்துக்கும் காரணம்.

ஏன் சொல்லலன்னா

அதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னால எங்க கடையில தீபாவளிக்கு ஃப்ளெக்ஸ் வெக்கறோம், வேலை செய்யற நாலு பேரு பட்டுக் கட்டி நில்லுங்கன்னாங்க. நாலுல நானும் ஒருத்தி. வூட்டுல வந்து சொன்னேன். அமல்ராஜ் கோவப்படற ஆளு இல்ல. சோத்தப் பெசைஞ்சுட்டே சொன்னாரு.

"பஸ் ஸ்டாண்டுல உன் மூஞ்சிய மாட்டுவான். ஒரு வாரத்துல அது மேலயே இன்னொருத்தன் மூஞ்சிய ஒட்டுவான். நமக்கெதுக்கு அது."

அவ்வளவுதான் பேச்சு. நான் வேணாம்னு சொல்லிட்டேன். மத்த மூணு பேரும் தீபாவளி முடியற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல சிரிச்சுட்டு நின்னாங்க. தினம் பஸ் எறங்கறப்ப அண்ணாந்து பாப்பேன். பொறாமையாத்தான் இருந்துச்சு, அதுல என்ன பொய் சொல்றது.

அதனால இந்தத் தடவை வாயத் தெறக்கல. படம் போகட்டும். அவங்க வேணாம்னுட்டா யாருக்கும் தெரியாமயே முடிஞ்சுடும். வேணும்னா அப்போ பேசிக்கலாம்.

டை அடிக்கறத நிறுத்தினேன். ஒரு வாரத்துல வகிடு வெளுத்துப்போச்சு. ராத்திரிச் சோத்த விட்டுட்டு ஒரு துண்டு களியும் மோரும் மட்டும் சாப்புட்டேன். கதவச் சாத்திட்டு சுவத்துல முதுக ஒட்டி நிமுந்து நின்னு பழகினேன். செவ்வாய்க்கெழம சர்ச்சுல மாதா நவநாள் ஜெபத்துக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு, மத்தவங்க எல்லாம் போன பின்னாலயும் மண்டி போட்டுட்டு இருந்தேன். மாதாகிட்ட என்னன்னு கேக்கறதுன்னே தெரியல. என் மூஞ்சி அவங்களுக்குப் புடிக்கணும்னா கேக்க முடியும்? அதைத்தான் கேட்டேன்.

நிக்க வேணாம்மா, உக்காரு

எனக்கு வார லீவு செவ்வாய்க்கெழம. நவநாள் முடிஞ்சு நேரா பெருமாள் அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். எங்க ஊருல கல்யாணம், காதுகுத்து, சர்ச்சுல புதுநன்மை, எதுன்னாலும் அவருதான் படம் எடுப்பாரு. எங்க கல்யாணத்துக்கும் அவருதான்.

"நான் மட்டும் தனியா எட்டுப் படம் எடுக்கணும்ணா."

"அமல்ராஜ் வரலியாம்மா?"

"அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. நேரம் வர்றப்ப நானே சொல்லிக்கறேன்."

அவரு கேமராவ எடுக்காம என்னையே பாத்துட்டு நின்னாரு.

"டை அடிக்கறத விட்டுட்டியாம்மா?"

"அடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கண்ணா."

"எளைச்சுட்ட."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். "தெரியுதுங்களா?"

"தெரியாமயா இருக்கும்," அப்படின்னுட்டு ஃபேனை என் பக்கமாத் திருப்பி வெச்சாரு.

"சனிக்கெழமைக்குள்ள வேணும்ணா. அதுக்கு மேல டைம் இல்லன்னுட்டாங்க."

அவரு நாற்காலியத் தொடைச்சுப் போட்டாரு. நிக்கணும்ணா, முழு உருவம் வேணும்னு சொல்றேன், நிக்க வேணாம்மா, உக்காரு, இடுப்பு வரைக்கும் போதும்ங்கறாரு. சண்டை போட்டுத்தான் நின்னேன். கையக் காட்டினா, மடியில வெச்சுக்கோங்கறாரு. கண்ணக் கொஞ்சம் தாழ்த்திக்கோ, மனசுல எதையும் வெச்சுக்காத, அமைதியா இருங்கறாரு. சிரிக்கச் சொல்லவே இல்ல. நானாத்தான் சிரிச்சேன். அப்போ அவரு கண்ணத் தொடைச்சுட்டாரு. வயசாயிடுச்சு, கண்ணுல தண்ணி வருது போலன்னு நெனைச்சேன்.

அவரு லைட்ட மாத்திட்டு இருக்கறப்ப சுவத்துல மாட்டியிருந்த பெரிய படங்களப் பாத்துட்டிருந்தேன். எங்க அப்பா நெனப்பு வந்துச்சு.

அப்பா போனப்ப அவரு தனியா இருக்கற மாதிரி ஒரு படம் எங்ககிட்ட இல்ல. யாரு கல்யாணத்துலயோ எடுத்த குரூப் போட்டோவுலேர்ந்து வெட்டிப் பெருசு பண்ணினாங்க. மாப்பிள்ளப் பையன் அப்பா தோள் மேல கையப் போட்டிருந்தான். அந்தக் கைய எடுக்கத் தெரியல. இன்னிக்கும் எங்கம்மா வூட்டுல அப்பா படத்துல, தோள் மேல மோதிரம் போட்ட ஒரு கை மட்டும் தனியா இருக்கும். வர்றவங்கல்லாம் யாரு கைன்னு கேப்பாங்க.

இந்த மாதிரி பட்டவங்க ஊருல நெறைய பேரு. அதனால எங்க பக்கம் ஒருத்தருக்குப் பெரிய சீக்குன்னு தெரிஞ்சா, முடி கொட்டறதுக்குள்ள, மூஞ்சி மாறறதுக்குள்ள, ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒத்தையில ஒரு படம் எடுத்து வெச்சுடுவாங்க. பெருமாள் அண்ணன்கிட்ட அதுக்குன்னு ஒரு அளவே இருக்கு. அந்த மாதிரி வர்றவங்ககிட்ட அவரு எதுவும் கேக்க மாட்டாரு.

இவ்வளவும் தெரிஞ்சவதான் நான். தெரிஞ்சுட்டே அந்த நாற்காலியில உக்காந்து, போர்ட்ஃபோலியோ நல்லா வரணுமேன்னு கவலப்பட்டுட்டு இருந்தேன்.

நீலச் சட்டை

மறுநாள் புதன்கெழமதான் ஆப்பிள் வந்துச்சு.

வியாழக்கெழம சாயங்காலம் கடைய விட்டு வெளிய வந்தா, எதுத்தாப்புல வண்டிய நிறுத்திட்டு அமல்ராஜ் நிக்கறாரு. பதினோரு வருஷத்துல ஒரு நாள் கூட்டிட்டுப் போக வந்ததில்ல. அதுலயும் சர்ச்சுக்குப் போடற நீலச் சட்டை.

"எதுக்குங்க இந்தச் சட்டை?"

"அந்தச் சட்டையில ஆயில் பட்டுடுச்சு."

அவரு சட்டையில ஆயில் படாத நாள் எது? நான் கேக்கல. வண்டியில ஏறி உக்காந்தேன். வழக்கமா லாரிக்குப் போட்டியா போறவரு, அன்னிக்குப் பள்ளத்துக்குப் பள்ளம் பிரேக்கப் புடிச்சு, தேர் மாதிரி ஓட்டினாரு.

பாதி வழியில கேட்டாரு. "வேளாங்கண்ணிக்கு ஒரு தடவ போயிட்டு வருவமா?"

மாதா முன்னால நிக்க வெச்சு, இனிமே போட்டோ கீட்டோன்னு போக மாட்டேன்னு சத்தியம் வாங்கப் போறாருன்னு நெனைச்சேன். "இப்ப என்ன அவசரம்," அப்படின்னேன். வண்டி இன்னும் மெதுவாப் போச்சு.

வூட்டுக்கு வந்தா, வத்தல்மலையிலேர்ந்து ஒருத்தர் ஃபோன் பண்ணி, மோட்டாரக் குடுத்து நாலு நாளாச்சு, தக்காளி வாடுதுன்னு சத்தம் போடறாரு. இவரு, "வேற கடையில பாத்துக்கங்க"ன்னு வெச்சுட்டாரு. வேலைய வேணாம்னு சொல்ற மனுசனே இல்ல. அவ்வளவு கோவம் எம்மேலன்னு நெனைச்சேன். திட்டினாலாவது தேவலை. திட்டாம, ஆப்பிளத் தோல் சீவித் தட்டுல வெச்சுத் தர்றாரு.

அன்னிக்குத் தூக்கமே இல்ல. அவரும் தூங்கலன்னு தெரியுது. ரெண்டு பேரும் தூங்கற மாதிரி படுத்துட்டு இருந்தோம்.

எந்த டாக்டர்?

வெள்ளிக்கெழம அரை நாள் பெர்மிஷன் போட்டுட்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பெருமாள் அண்ணன் எந்திரிச்சு நின்னுட்டாரு.

"அமல்ராஜ் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. என்னை மன்னிச்சுடு. என்னால வெச்சுட்டு இருக்க முடியல, அன்னிக்கே சொல்லிட்டேன்."

எங்க வூட்டுக்காரரோட மோட்டார் கடை அங்கேர்ந்து நாலு கட்டடம் தள்ளி. ஷட்டரப் பாதி எறக்கி விட்டிருந்தாரு. குனிஞ்சு உள்ள போனேன். செப்புக் கம்பியெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, பெஞ்சு மேல என் எட்டுப் படத்தையும் வரிசையாப் பரப்பி வெச்சு, எதுத்தாப்புல உக்காந்திருக்காரு.

நானே முந்திக்கிட்டேன். "தப்புதாங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சது தப்பு."

"எத்தன நாளாச்சு?"

"பத்து நாள் இருக்கும்."

"பத்து நாளா ஒத்தையில மனசுல வெச்சுட்டுத் திரிஞ்சியா?"

"சொன்னா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"நான் வேணாம்னா அது நின்னுடுமா செலின்?" குரல் ஒடஞ்சுபோச்சு. "சேலம் போலாம். வேலூர் போலாம். இருக்கறத வித்தாவது பாக்கறேன். டாக்டர் என்னதான் சொன்னாரு, அதையாவது சொல்லு."

"எந்த டாக்டர்?"

அவரு நிமுந்து பாத்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அப்பதான் எனக்கு ஆப்பிள், குடம், வண்டி, வேளாங்கண்ணி எல்லாம் ஒண்ணா வந்து மண்டையில அடிச்சுது. பையிலேர்ந்து நிவேதா எழுதிக் குடுத்த பில்ல எடுத்து அவரு கையில குடுத்தேன். எனக்கு ஒரு சீக்கும் இல்லங்கன்னு சொல்லி, கடையில நடந்ததெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"சிரிக்காத." அவ்வளவு மெதுவா அவரு பேசி நான் கேட்டதில்ல. "மூணு நாள் செலின். சிரிக்காத."

எந்திரிச்சுப் போயி, மோட்டார முக்கி டெஸ்ட் பண்ற தொட்டித் தண்ணியில மூஞ்சியக் கழுவினாரு. கழுவிட்டே இருந்தாரு. நான் பக்கத்துல போயி நின்னு முதுகத் தொட்டேன். நானும் அழுதுட்டேன்.

அப்புறம் மூஞ்சியத் தொடைச்சுட்டு வந்து படங்களத் திரும்பப் பாத்தாரு. நானும் அப்பதான் பாத்தேன். எட்டுலயும் பின்னால நீலமா மேகம். உக்காந்ததுல எல்லாம் கண்ணு தாழ்ந்து, கை மடியில. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ரெண்டு விரல் அளவு வெள்ளையா இடம் விட்டிருக்கு.

"இது எதுக்குங்க வெத்தா விட்டிருக்காரு?"

"பேரு போடறதுக்கு. தேதி போடறதுக்கு."

அவரு எட்டையும் அடுக்கிக் கவர்ல போட்டாரு.

"இத அனுப்பினா உன்னக் கூப்புட மாட்டாங்க. மாலதான் அனுப்புவாங்க. அந்தப் பொண்ணு செல்போன் போதும்னுதான சொல்லியிருக்கு?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போகணுங்க."

ஷட்டர முழுசா மேல ஏத்தினாரு. சாயங்கால வெயில் உள்ள வந்துச்சு. சுவரோரமா இருந்த மோட்டாரெல்லாம் நகத்திட்டு, "வந்து நில்லு"ன்னாரு. காயில் கட்டற கை, கொஞ்சமும் ஆடல. பில்லப் பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா எடுத்தாரு. இடது பக்கம், வலது பக்கம், முன்னால, பின்னால. சிரிக்கற படத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரல, அழுத மூஞ்சி இறுகிப்போயிருந்துச்சு.

அவரு ஃபோன் வழியாப் பாத்துட்டே சொன்னாரு. "நாளையிலேர்ந்து குடத்த நீயே தூக்கிக்க."

அந்தப் படத்ததான் நிவேதாவுக்கு ரொம்பப் புடிச்சுது. நகைக்கடைக்கு வேற ஒரு அம்மாவ எடுத்துட்டாங்க. ஆனா என் எட்டுப் படமும் அந்த ஆபீஸ்லயே இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பருப்பு விளம்பரத்துக்குக் கூப்புட்டாங்க. என் முதல் வேலை அதுதான்.

இன்னொரு கவர்

இதை முடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அடுத்த செவ்வாய்க்கெழம பெருமாள் அண்ணனப் பாத்து, எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லப் போனேன். மனுசன் கும்புட்டுட்டே உக்காந்துட்டாரு. அப்புறம் உள்ள போயி ஒரு கவரக் கொண்டு வந்தாரு.

"இதையும் எடுத்துட்டுப் போயிடும்மா. இனிமே இது எதுக்கு இங்க."

பிரிச்சுப் பாத்தேன். அமல்ராஜ். சர்ச்சுக்குப் போடற நீலச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு. தண்ணி தொட்டு வாரின தலை. பின்னால அதே மேகம், அதே அளவு. கீழ அதே ரெண்டு விரல் இடம்.

"வியாழக்கெழம மத்தியானம் வந்தாரும்மா. உன் படத்துக்குப் பக்கத்துல மாட்டற மாதிரி வேணும்னாரு. நேரம் வர்றப்ப தேதி போட்டுக்கலாம்னாரு. வூட்டுல சொல்ல வேணாம்னாரு."

இத்தனை வருஷமா அதைப் பத்தி அவரு பேசல, நானும் கேக்கல. பத்திரிகையில நான் எழுதற இந்தத் தொடர வாரா வாரம் கடையில உக்காந்து முதல்ல படிக்கறது அவருதான். நான் பாத்துட்டேன்னு இன்னிக்குத்தான் அவருக்குத் தெரியும்.

ஏங்க, அந்தப் படம் பீரோவுல என் கல்யாணச் சீலைக்கு அடியில இருக்கு. நல்லாவே இல்ல. கழுத்துப் பட்டனப் போட்டுட்டு, மூச்சே விடாம உக்காந்திருக்கீங்க. வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கடைச் சுவத்துக்கிட்ட வந்து நில்லுங்க. நான் எடுக்கறேன்.